எடுக்காத பொட்டலம்

மாத்திரையை நிறுத்திவிட்டுக் கயிறு கட்டினோம். அதில்தான் கெட்டது. கட்டின ஒரு மாசத்துக்குள் பேச்சிமுத்து உப்பளத்து ஷெட்டுக்குப் பின்னால் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். என் மகன். ஒரே மகன். இப்போது அதே கோயில், அதே பூசாரி, அதே தூணில் சாய்ந்து நான் நிற்கிறேன். உட்கார்ந்தால் திரும்ப எழ முட்டி விடாது. எதிரே பலிபீடத்தின் மேல் இரண்டு பொட்டலம். வாழையிலைக் கீற்றில் பொதிந்து வாழை நாரால் கட்டியது. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் கயிறும் கட்டிக்கொள்ளலாம், மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் வெறும் கயிறு, மாத்திரை கிடையாது. ஆஸ்பத்திரியில் முடிவான விஷயத்தை இலையில் மடித்துக் காளி முன்னால் வைத்திருக்கிறோம். எப்போது எடுப்பது என்று கேட்டால் உச்சிப் பூசை மணி அடிக்கணும் என்கிறார் பூசாரி மாசானம். மணி எப்போது அடிப்பீர் என்றால் பொங்கல் இறங்கணும் என்கிறார். பொங்கல் எப்போது இறங்கும் என்று நான் கேட்கவில்லை. பச்சை விறகு. புகைதான் வருகிறது. சட்டதிட்டம் எல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டார். பொட்டலத்தை வீட்டுப் பொம்பளை கட்டணும், யார் கண்ணிலும் படாமல் கட்டணும். எடுப்பது சம்பந்தமில்லாத ஆளாக இருக்கணும். எடுத்ததை மட்டும் பிரிக்கணும். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, வீட்டுக்கு மூத்தவர் அதைக் கொண்டுபோய்த் தெப்பக்குளத்தில் விட்டுவிட்டு வரணும். பிரித்தால் என்ன என்றேன். "அம்மன் சொல்லாததை நாம ஏன் அண்ணாச்சி கேக்கணும்" என்றார். வாய்க்குள் புகையிலை அதக்கியிருந்தது. ஊருக்கெல்லாம் போதையை விடச் சொல்லிக் கயிறு கட்டுகிறவர். போன தடவை இதைக் கேட்டதற்கு, இது வேற அண்ணாச்சி, இது மருந்து என்று சொன்னார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

பேச்சிமுத்து பீடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மொட்டை அடித்த தலை. கொட்டாவி மேல் கொட்டாவி விடுகிறான், கண்ணில் தண்ணீர், மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்கிறான். இந்த வெயிலில் அவன் கை ரோமம் குத்திட்டு நிற்கிறது. நேற்றிலிருந்து மாத்திரை போடவில்லை. விரதமாம். அம்மன் சொல்கிறவரை தொட மாட்டானாம். மாத்திரை அட்டை சட்டைப் பையில் இருக்கிறது, பையின் மெல்லிய துணி வழியே அதன் வெள்ளி மினுங்குகிறது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுகிற மாத்திரை. அதை முதலில் பார்த்தபோது, இந்தக் கடுகுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறோம் என்று நினைத்தேன். கடுகுதான் அவனை எழுப்பி உட்காரவைத்தது. வேலைக்கு அனுப்பியது. ஹார்பரில் மூட்டை தூக்கித் தோள்பட்டை இறங்கிப்போய், கூட வேலை பார்த்தவன் கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்தது. பிறகு வலி போனது, மாத்திரை போகவில்லை. பிறகு அது ஊசியாக ஆனது. ஆன பிறகுதான் எனக்குத் தெரியும். முழுக்கைச் சட்டை போடுகிறானே, என்ன நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கப்பானையைச் சுற்றி ஈ. இந்தத் தூணில் யாரோ எண்ணெய்க் கையைத் துடைத்திருக்கிறார்கள், சட்டையெல்லாம் பிசுபிசுப்பு. ஆஸ்பத்திரியில் காதில் ஊசி குத்துவார்கள். வட்டமாக நாற்காலி போட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து, காது மடலில் மயிர்போல ஊசி ஏற்றிவிட்டு, பேசாமல் கண்ணை மூடச் சொல்வார்கள். கூட வந்தவர்களுக்கும் குத்துவார்கள். எனக்கும் குத்தினார்கள். இருந்த இடத்தில் தூங்கிப்போனேன், குறட்டை விட்டேனாம். அன்றைக்கு வெளியே டீக்கடையில் பேச்சிமுத்து சிரித்தான். "யப்பா, ஊசியக் குத்திக்கிட்டு நல்லவனா வெளிய வந்தது இதுதான் மொத தடவ" என்றான். அவன் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூச்சுப் பயிற்சிக்கு ஒருத்தர் வந்தார், பேங்கில் இருந்து ரிட்டயரானவர். மூக்கின் ஒரு பக்கம் அடைத்து ஒரு பக்கம் விடச் சொன்னார். மருமகளின் சித்தி வந்து எண்ணெய் தடவி ஜெபம் பண்ணினாள், தெருவே கேட்டது. அன்றைக்கு ராத்திரி அவன் அசந்து தூங்கினான். எதையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. "கோயிலுக்குப் போங்க, கயிறு கட்டுங்க, ஜெபம் பண்ணுங்க, எல்லாம் அவருக்கு ஒரு பிடிமானம். மாத்திரைய மட்டும் எங்களக் கேக்காம நிறுத்தாதீங்க." இதைத்தான் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள்.

அப்புறமும் நிறுத்தினோம். எப்படி நடந்தது என்று யோசித்தால் யார் பேரிலும் போட முடியவில்லை. கயிறு கட்ட வரிசையில் நின்றோம். முக்கால்வாசியும் குடிகாரர்கள், பெண்டாட்டி இழுத்துக்கொண்டு வந்தவர்கள், சிலர் கடைசியாக ஒன்று போட்டுவிட்டே வந்திருந்தார்கள். ஆடி வரைக்கும் கட்டுங்க சாமி என்று ஒருவன் கெடு வைத்துப் பேரம் பேசினான். பேச்சிமுத்து முறை வந்தது. போதை எதையும் உடம்பில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னார் மாசானம். அவன் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டான். பையிலிருந்து அட்டையை எடுத்து, சாமி இது என்றான். மாசானம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும். பின்னால் நின்றவன்தான், அந்த ஆடிக்காரன், அதுவும் அந்தச் சாதிதான், நாக்குல வச்சா கிறுகிறுன்னு இருக்கும், எங்க தெருவுல விக்கிறான் என்றான். வரிசை முழுக்க உச்சுக் கொட்டியது. அப்போ அதையும் விட்டுட்டுத்தான் கட்டணும் என்று யாரோ ஒரு கிழவி சொன்னாள். மாசானம் என்னைப் பார்த்தார். நான் பையனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, சின்ன வயசில் பரிசு வாங்க மேடைக்குப் போனபோது பார்த்த முகம். விறுவிறுவென்று போய் அட்டையைத் தெப்பக்குளத்தில் வீசிவிட்டு வந்தான். அம்மனே இறங்கி வந்ததுபோலப் பொம்பளைகள் கொலவையிட்டார்கள். எனக்கும் மயிர் சிலிர்த்தது. மருமகள் மட்டும் குளத்தங்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வீட்டில் அவன் பாய்க்கும் கக்கூஸுக்குமாக நடந்தான், வேர்த்தான், காலை உதைத்தான். அம்மன் வெரட்டுது, நல்லதுதான் என்றார்கள் வந்து பார்த்தவர்கள். தாங்கிவிட்டான். கயிறு கையில் இருக்கிறதே என்று தாங்கினான், அதை நான் கண்ணால் பார்த்தேன், கயிற்றுக்குச் சக்தி இல்லை என்று எவனாவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். ஆனால் உடம்பு மறந்துவிட்டது. பழைய அளவை உடம்பு மறந்துவிட்டது, கை மறக்கவில்லை. ஒருநாள் தோள் வலி. ஒரே ஒருநாள். கயிற்றை அவிழ்த்து சட்டைப் பையில் பத்திரமாக வைத்துவிட்டு, பழைய அளவையே ஏற்றியிருக்கிறான். உப்பு அள்ளுகிற பொம்பளைகள் பார்த்துச் சத்தம் போட்டதால் உயிர் இருந்தது. முழுசாக விட்டிருந்தான் பாருங்க, அதான் ஆபத்து என்றாள் டாக்டரம்மா. எனக்கு அந்த வாக்கியம் புரிய ரெண்டு நாள் ஆச்சு. விட்டது ஆபத்து. விட்டது ஆபத்து. பஸ்ஸில் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

எனக்குப் புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் திரும்ப மாத்திரை ஆரம்பித்துக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் சொல்கிறான், சத்தியத்தை மீறினேன், அம்மன் அடித்தாள், திரும்பவும் சுத்தமாகக் கட்டிக்கொள்கிறேன், மாத்திரையோடு கட்டினால் அது பொய்ச் சத்தியம். நான் கத்தினேன். ஹார்பரில் கிரேன் ஓட்டினவன் நான், ரோப்பு புதுசு போட்டாச்சு என்று பிரேக்கைக் கழற்றி வைப்பானாடா எவனாவது என்று கத்தினேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான கழுதையின் வாயைப் பிளந்து மாத்திரை வைக்க முடியாது. அவன் அம்மா இருந்திருந்தால் அழுது காரியம் சாதித்திருப்பாள். எனக்கு அழத் தெரியாது. அப்போதுதான் மருமகள் அடுப்படியிலிருந்து வந்து, "அப்படின்னா அம்மன்கிட்டயே கேட்டுருவோம் மாமா. பூக் கட்டிப் பாப்போம்" என்றாள். அவன் உடனே சரி என்றான். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. வேதக்கார வீட்டுப் பிள்ளை, சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் தவறாமல் கூட்டிக்கொண்டு போனவள், டாக்டரம்மா சொல்வதை எழுத்துக்கு எழுத்து மனசில் வைத்திருப்பவள். அவள் போய் புருஷன் உயிரைப் பூவா தலையா போடுகிறாள். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தபோது என் வீட்டுக்காரி அவள் பேரை மாற்றி செல்வி என்று வைத்தாள், கோயில் குளத்துக்குக் கூப்பிட வசதி என்று. நான் அந்தப் பேரையும் சொல்வதில்லை, பிறந்த வீட்டுப் பேரையும் சொன்னதில்லை. ஏ பிள்ள என்பேன், வருவாள். இன்றைக்குப் பஸ்ஸில் அதுவும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் மடியில் பூப்பை. காலையில் வாசலில் நான் பல் தேய்க்கும்போது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் எக்கி எக்கி நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கேட் ஓரம் செவ்வரளி. செடி கொள்ளாமல் பூ. கேட்டைத் திறக்கும்போது ஒரு கிளை என் சட்டையில் மாட்டியது, எடுத்துவிட்டேன், நிறையப் பூத்திருக்கிறதே என்று நினைத்தேன். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. சிவப்பு. சிவப்பு வந்தால் என்ன செய்வது. சிவப்பு வந்தால் அட்டை குளத்துக்குப் போகும், பாய், வேர்வை, கொலவை, ஒருநாள் தோள் வலி, ஷெட். உப்புக்காரப் பொம்பளைகள் தினமும் அங்கே நிற்க மாட்டார்கள். இரண்டு பொட்டலத்தையும் தட்டிவிட்டுவிடலாம். முட்டி தடுக்கிக் கிழவன் விழுந்தான் என்பார்கள். பீடம் நாலு எட்டில்தான் இருக்கிறது. விழுந்தால் திரும்பக் கட்டச் சொல்வார் மாசானம், அவ்வளவுதான், அம்மன் கோபம் என்று அவன் இன்னும் இறுகுவான். இரண்டும் ஒரே பருமன், ஒரே முடிச்சு. எது எது என்று அவளுக்காவது தெரியுமா. அவளைப் பார்க்கிறேன். கொடிமரத்துப் பக்கம் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். பொட்டலத்தைப் பார்க்கவில்லை. பானையைப் பார்க்கிறாள். எப்போது பொங்கும் என்று பார்க்கிற பொம்பளை மாதிரி, வேறு கவலையே இல்லாதவள் மாதிரி. இவளுக்கு நெஞ்சு கல். கொட்டாவி விடுகிறான் மறுபடியும். வெள்ளை, சிவப்பு. வெள்ளை என்று நினைத்தால் சிவப்பு வரும். நினைக்காமல் இருக்க முடியவில்லை. காளியாத்தா, உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதை வைத்துக் கொடு.

பொங்கியது. மணி அடித்தது. மாசானம் சுற்றுமுற்றும் பார்த்து, மாவிளக்குப் போட வந்திருந்த ஒரு பொம்பளையைக் கூப்பிட்டார். அவள் புருஷன் தூணடியில் வாய் திறந்து தூங்குகிறான், வாடை இங்கே வரை அடிக்கிறது. இவள் கை எப்படிப்பட்ட கையோ. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வலப்பக்கம் கொண்டுபோய், பிறகு இடப்பக்கத்தை எடுத்தாள். மாசானம் நாரை அவிழ்த்தார். விரல் தடித்த ஆள், மெதுவாக அவிழ்க்கிறார், அறுத்துத் தொலையும் என்று கத்த வாய் வந்தது. இலை விரிந்தது. வெள்ளை. நந்தியாவட்டை, வதங்கி, ஓரம் பழுத்து. தூணைப் பிடித்துக்கொண்டேன். "அம்மன் சொல்லிட்டா. மருந்து உண்டு" என்றார் மாசானம், தாமே எழுதிக் கொடுத்தவர் மாதிரி. பேச்சிமுத்து அசையாமல் பூவையே பார்த்தான். பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்தான். மாத்திரை தரையில் விழுந்துவிடுமோ என்று பார்த்தேன். நாக்கைத் தூக்கி அடியில் வைத்து வாயை மூடிக்கொண்டான். மாசானம் மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே, சத்தியம் சொல்லு என்றார். அவன் தலையை ஆட்டினான், வாயைக் காட்டினான். கரைகிறவரை பேசக் கூடாது. மாசானம் என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மனசுக்குள்ள சொல்லு. அவளுக்குக் கேக்கும்" என்றார். புகையிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு முடிச்சுப் போட்டார். அவன் கண்ணை மூடியிருந்தான். உதடு மட்டும் லேசாக அசைந்தது. என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

மிச்சப் பொட்டலத்தை மாசானம் என் கையில் வைத்தார். மருமகள் சட்டென்று வந்துவிட்டாள். "முட்டி வலியோட எதுக்கு மாமா, நான் போயி விட்டுட்டு வாரேன்." கையை நீட்டினாள். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசியதிலேயே அதுதான் வேகமான பேச்சு. மூத்தவர்தான் விடணும் என்றார் மாசானம். நான் நடந்தேன். குளத்துப் படி உயரம், ஒவ்வொன்றாக இறங்கினேன். தண்ணீர் பச்சை. இதற்குள்தான் எங்கேயோ அந்தப் பழைய அட்டை கிடக்கிறது. பொட்டலம் ஈரமாக, கனமே இல்லாமல் இருந்தது. இவ்வளவு நேரம் என்னை ஆட்டிவைத்த சிவப்பு இதுதான். எப்படி இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்தால் என்ன. பார்க்கக் கூடாது என்றால் எனக்குப் பார்த்துத்தான் ஆகணும், வேலையில் இருந்தபோதும் அப்படித்தான். கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்று நாரை இழுத்தேன். இலை திறந்தது. நந்தியாவட்டை. வெள்ளை. ஓரம் பழுத்து, வதங்கி. வெறும் வெள்ளை. கேட் ஓரத்து அரளி, செடி கொள்ளாத பூ, ஒன்றுகூடப் பறிக்காத பூ, என் சட்டையில் மாட்டின கிளை. திரும்பிப் பார்த்தேன். மேல் படியில் நிற்கிறாள். முகத்தில் ரத்தம் இல்லை. இவள் பயந்து நான் பார்த்ததில்லை. உப்பளத்துக்கு ஓடினபோதுகூட இவள் பயப்படவில்லை. இப்போது பயந்திருக்கிறாள், காளிக்கா, எனக்கா, இல்லை அவளுடைய கர்த்தருக்கா. எல்லாருக்கும் சேர்த்துத்தான் இருக்கும். மூன்று பேரையும் ஒரே காலையில் ஏமாற்றினவள். பின்னால் பேச்சிமுத்து வருகிறான். வாயில் கரைந்துவிட்டது போல, குரல் குழறுகிறது. "யப்பா, அதுல செவப்புதான இருந்திச்சு?" சந்தேகக்காரன். என் மகன்தானே, பிரித்திருப்பேன் என்று தெரிந்து கேட்கிறான். பூவைக் கைக்குள் கசக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். ஈரம் வயிற்றில் பட்டது. வெறும் இலையைத் தண்ணீரில் விட்டேன். "செவப்பு" என்றேன். சத்தமாகச் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டான், வெள்ளை வந்ததே என்று விட்ட பெருமூச்சு. கையிலிருந்த கயிற்றைத் தொட்டுக்கொண்டே பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடந்தான். நான் படி ஏறினேன். இறங்கியதைவிட ஏறுவது கஷ்டம். பாதியில் நின்றேன். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. கையை நீட்டினேன். இத்தனை வருஷமாக வாயில் வராத பேரை நாக்கில் ஒரு தரம் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு கூப்பிட்டேன்.

"கையக் குடு, எப்சிபா."